சுவரை உடைக்கும் முன்: மறைந்த நீர்க்கசிவின் ஊற்றுக்கண்ணைத் தேடும் முறை

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீடு. கீழ்வீட்டுக் கூடத்தில், மின்விசிறி மாட்டிய கொக்கியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய அதற்கு மேலேயே மாடிக் குளியலறை. அதுதான் காரணம் என்று முடிவுகட்டி, டைல்ஸ் முழுவதையும் பெயர்த்து, வாட்டர்புரூஃப் பூசி, புது டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். பத்தாம் நாள் அதே கொக்கியில் அதே சொட்டு. என்னைக் கூப்பிட்டபோது அந்த வீட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இன்னும் எதை உடைக்க வேண்டும்?" என்பதுதான்.

உடனே எதையும் உடைக்கவில்லை. இரண்டு நாள் பார்த்ததில், சொட்டு இரவும் பகலும் ஒரே வேகத்தில் விழுவதும், மேலே குளித்தாலும் குளிக்காவிட்டாலும் மாறாததும் தெரிந்தது. அப்படியானால் அது பெரும்பாலும் கழிவுநீர் இல்லை. எந்நேரமும் தண்ணீர் நிரம்பி நிற்கிற குழாயிலிருந்து வருவது. மாடிச் சமையலறைக்குப் போகும் வால்வை மூடினோம். மறுநாள் மாலைக்குள் சொட்டு நின்றது. அலமாரித் தட்டு மாட்டுவதற்காக அடித்த ஓர் ஆணி, சுவருக்குள் ஓடிய பைப்பைத் துளைத்திருந்தது. அடித்த அன்று ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டது. அது துருப்பிடித்து இளைத்த பிறகுதான் கசிவு தொடங்கியது. கசிந்த நீர் தளத்துக்குள் பதித்த மின்கம்பிக் குழாயில் நுழைந்து, பன்னிரண்டு அடி தள்ளியிருந்த விசிறிக் கொக்கியில் வெளிவந்திருக்கிறது.

ஓர் உள்ளங்கை அகலத்துக்கு டைல்ஸ் எடுத்து முடிக்க வேண்டிய வேலைக்கு, ஒரு குளியலறையே போய்விட்டது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும், சொந்த வீட்டில் ஈரம் கண்டு கலங்கி நிற்பவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: தண்ணீர் தெரிகிற இடத்தை நம்பாதீர்கள்; அது வருகிற நேரத்தை நம்புங்கள். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றி, கசிவு என்ன பதில் சொல்கிறது என்று காத்திருங்கள்.

முதலில் உயிர், பிறகு தேடல்

விளக்கு, விசிறி, சுவிட்ச் பெட்டி ஆகியவற்றின் பக்கத்தில் ஈரம் தெரிந்தால், அந்த அறைக்கான எம்.சி.பி.யை (மின்பெட்டியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டுத்தான் ஏணியில் ஏற வேண்டும். மழை வந்தால் மட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால், அதைத் தொல்லையாக நினைத்து நீக்கச் சொல்லாதீர்கள். மின்கம்பிக் குழாய்க்குள் தண்ணீர் போகிறது என்று அது எச்சரிக்கிறது. உங்கள் தேடலுக்கு முதல் துப்பும் அதுவே.

கூரைப் பூச்சு தொப்பை போட்டுத் தொங்கினால் கீழே நிற்காதீர்கள். கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் வெடித்திருந்தால், கசிவு தேடுகிற வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரை அழையுங்கள். மண்சாந்தில் கட்டிய பழைய சுவர் முழுக்க நனைந்திருந்தால் அந்த அறையில் யாரையும் படுக்கவிடக் கூடாது. 2021 நவம்பர் மழையில் பேர்ணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். ஈரம் சுவரின் வலுவைத் தின்கிறது என்பதை அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு நோட்டும் ஒரு பென்சிலும்

கருவி வாங்குவதற்கு முன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஈரத் திட்டின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, தேதியை எழுதுங்கள். சொட்டு விழுந்தால் கீழே ஒரு பாத்திரம் வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அளந்து குறியுங்கள். மழை பெய்ததா, மோட்டார் எப்போது ஓடியது, மேலே துணி துவைத்தார்களா, ஏ.சி. போட்டார்களா என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். குறைந்தது மூன்று நாள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

அந்த மூன்று நாள் கணக்கிலேயே பாதி விடை இருக்கும். இரவும் பகலும் ஒரே அளவில் வருவது பெரும்பாலும் நல்ல தண்ணீர்க் குழாய். குளித்தபின் அல்லது பாத்திரம் கழுவியபின் கூடி, நள்ளிரவில் குறைவது கழிவுக் குழாய் அல்லது குளியலறைத் தரை. மோட்டார் ஓடும்போது மட்டும் வந்தால், மேலே ஏறும் குழாயைப் பாருங்கள். இல்லாவிட்டால் தொட்டி நிரம்பி வழியும் குழாயைப் பாருங்கள். மழைக்குப் பிறகு வந்தால் மொட்டைமாடி அல்லது வெளிச்சுவர். மழை நின்று எத்தனை மணி நேரம் கழித்து வந்தது என்பதும் முக்கியம். சில நிமிடங்களில் வந்தால் நேரான வழி, அதாவது விரிசல் அல்லது குழாய் ஓரம். அரை நாள், ஒரு நாள் கழித்து வந்தால், தண்ணீர் எங்கோ தேங்கி ஊறி வருகிறது.

எங்கள் வேலூருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலையில் இடியோடு கொட்டி ஓய்கிற மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாள்கணக்கில் பெய்கிற மழை என இரண்டு வகையும் இங்கே கிடைக்கின்றன. கொட்டி ஓயும் மழையில் ஒழுகாமல், தூறல் இரண்டு நாள் பிடித்தால் மட்டும் ஒழுகுகிற மாடியில், பெரும்பாலும் மேலே பதித்த தட்டோட்டுக்கு அடியில் நீர் தங்குகிறது என்பது நான் கண்டது.

அக்னி நட்சத்திர வெயிலில், ஊரே காய்ந்து கிடக்கும்போது மட்டும் ஈரம் வந்தால் ஏ.சி.யிலிருந்து தண்ணீர் போகும் குழாயைப் பாருங்கள். சுவருக்குள் பதித்த அந்தச் சிறு குழாயில் தூசியும் பாசியும் அடைத்து, இணைப்பு வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். காட்பாடியில் ஒரு குடியிருப்பில் இரண்டு கோடைக்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் இதனால் பேசாமல் இருந்தார்கள். குழாயை ஊதி அடைப்பு எடுத்ததும் ஈரம் நின்றது. அவர்கள் பேசத் தொடங்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

மேலே எந்த இடம் என்று அளந்து பாருங்கள்

"குளியலறைக்கு நேர் கீழேதான் ஒழுகுகிறது" என்று சொல்வார்கள். டேப் பிடித்து அளந்தால் நான்கு அடி தள்ளியிருக்கும். கீழும் மேலும் பொதுவாக இருக்கிற ஒரு வெளிச்சுவரிலிருந்து இரண்டு திசையிலும் அளந்து, நோட்டில் வரைபடம் போடுங்கள். குழாய் போகும் பாதை, வால்வுகள், நஹானி டிராப் (தரையில் கழிவுநீர் இறங்கும் வாய்), மின்கம்பிக் குழாய் வரும் திசை எல்லாவற்றையும் குறியுங்கள். தளத்தின் அடியில் தண்ணீர் தாழ்வான பக்கம் ஓடும். உத்திரம் தடுத்தால் அதன் ஓரமாகவே நகர்ந்து, பூச்சில் வெடிப்பு கிடைத்த இடத்தில் இறங்கும். ஆகவே ஈரத் திட்டைச் சுற்றி மூன்று நான்கு மீட்டர் தூரத்தில் உள்ள அத்தனை நீர் வழிகளையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டுதான் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

நல்ல தண்ணீர்க் குழாய்: தொட்டிதான் மீட்டர்

எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் மீட்டர் கிடையாது. கவலை வேண்டாம், மாடித் தொட்டி இருக்கிறது.

இரவு எல்லோரும் படுத்தபின், எல்லாக் குழாய்களையும் நன்றாக மூடுங்கள். மோட்டார் ஓடக் கூடாது. குடிநீர் வடிகட்டி, வாஷிங் மெஷின் ஆகியவற்றின் வால்வுகளும் மூடியிருக்க வேண்டும். தொட்டிக்குள் ஒரு நேரான குச்சியை விட்டு, தண்ணீர் மட்டத்தைக் குச்சியில் குறியுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடியும் அளந்து பாருங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டியின் விட்டம் ஏறத்தாழ 1.1 மீட்டர் இருந்தால், மட்டம் 1 செ.மீ. இறங்குவது சுமார் 9.5 லிட்டர் போனதற்குச் சமம்.

இதைக் கீழே சேரும் சொட்டோடு ஒப்பிடுங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டு. 1 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 சொட்டு என்று வைத்தால் 4.3 லிட்டர்தான். ஓர் இரவில் அது 2 லிட்டர்கூட வராது. தொட்டியில் 2 மி.மீ. அளவே இறங்கும். குச்சியில் அது தெரியாது. எனவே சிறு கசிவுக்கு ஓர் இரவு போதாது. வீட்டார் இரண்டு நாள் ஊருக்குப் போகும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். மட்டம் நான்கு ஐந்து செ.மீ. இறங்கியிருந்தால், கீழே தெரிகிற சொட்டு மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேறு எங்கோ பெரிய கசிவு மண்ணுக்குள் போகிறது, அல்லது ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறது.

ஃப்ளஷ் டேங்கைச் சோதிக்கக் கடையில் கிடைக்கும் சொட்டு நீலம் போதும். டேங்குக்குள் பத்துச் சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். பீங்கானுக்குள் நீலம் இறங்கினால் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்துவிட்டது. எத்தனையோ வீடுகளில் மோட்டார் அடிக்கடி ஓடுவதற்கும், இரண்டு மாத மின்கட்டணம் கூடுவதற்கும் இந்தச் சிறு ரப்பர் வளையம்தான் காரணமாக இருந்திருக்கிறது.

மட்டம் இறங்குவது உறுதியானால், தொட்டியிலிருந்து இறங்கும் கேட் வால்வுகளை ஓர் இரவுக்கு ஒன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடினால் மட்டம் நிற்கிறதோ, கசிவு அந்த வழியில். ஒன்று எச்சரிக்கை: பழைய கேட் வால்வுகள் மூடினாலும் முழுதாக மூடுவதில்லை, உப்புத் தண்ணீரில் உள்ளே படிந்துவிடும். மூடியபின் அந்த வழியில் ஒரு குழாயைத் திறந்து, தண்ணீர் முழுதாக நிற்கிறதா என்று பார்க்காமல் சோதனையைத் தொடங்கினால் மூன்று இரவுகளும் வீண். நான் அப்படி இழந்திருக்கிறேன்.

வழி எது என்று தெரிந்தபின், அந்த வழியை மட்டும் கைப் பம்பால் அழுத்தச் சோதனை செய்யலாம். குழாய்களைக் கழற்றி முனைகளுக்குப் பிளக் போட்டு, தண்ணீர் நிரப்பி, காற்றை முழுதாக வெளியேற்றி, பிறகு அழுத்தம் ஏற்றுங்கள். மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் கீழே ஏறத்தாழ 1 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தம் வரும். ஒரு மாடி வீட்டில் அதற்கும் குறைவு. ஆகவே பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் 3 கிலோவுக்கு மேல் ஏற்ற நான் விடுவதில்லை. இல்லாத ஓட்டையைச் சோதனையே உண்டாக்கிவிடும். அழுத்தமானியின் முள் இறங்கினால், இரவு அமைதியில் நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியைச் சுவரில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேளுங்கள். அழுத்தம் ஏறிய பைப்பின் ஓட்டைக்குப் பக்கத்தில் 'உஸ்' என்ற சத்தம் கேட்கும். சி.பி.வி.சி. (பிளாஸ்டிக் குழாய்) வழிகளில் முதலில் தேட வேண்டிய இடம், குழாய் திருகுகிற பித்தளை எல்போ. த்ரெட் டேப்பை அதிகம் சுற்றி முரட்டுத்தனமாகத் திருகியதில் அது உள்ளுக்குள் வெடித்திருக்கும்.

குளியலறை: ஒன்றன்பின் ஒன்றாக

அதிகம் தவறு நடக்கிற இடம் இது. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

குளியலறைத் தளம் பல வீடுகளில் ஓர் அடி பள்ளமாக இருக்கும்; அதற்குள் குழாய் ஓட்டி, செங்கல் துண்டு போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். ஐந்துக்கு ஏழடி அறை என்றால் அந்தப் பள்ளம் 35 கன அடி. ஏறத்தாழ 990 லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி என்று வைத்தாலும் 330 லிட்டர் தண்ணீர் உள்ளே நிற்க முடியும். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் அது வடிய ஏறத்தாழ எழுபத்தாறு நாள் ஆகும். அதனால்தான், "குளியலறையைப் பூட்டி ஒரு வாரம் ஆகிறது, இன்னும் சொட்டுகிறது, அப்படியானால் அது காரணமில்லை" என்ற முடிவு தவறாகிறது. சரிசெய்த பிறகும் சொட்டுவதைப் பார்த்து, வேலை தோற்றுவிட்டது என்று கொத்தனாரைத் திட்டுவதும் இதே தவறுதான்.

எனவே முதலில் அறையைப் பயன்படுத்தாமல் விட்டு, சொட்டு குறைந்து ஒரு நிலையான அளவுக்கு வரும்வரை கீழே அளந்துகொண்டே இருங்கள். அந்த அளவைக் குறித்துக்கொண்டபின் மூன்று சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி.

முதலாவது, கழிவுக் குழாய். நஹானி டிராப்பின் சல்லடையை எடுத்துவிட்டு, புனலும் ஒரு துண்டு டியூபும் வைத்து, தரை நனையாமல் நேராக உள்ளே பத்து வாளி ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரில் கேசரிப் பவுடர் கலந்திருக்கட்டும். கீழே சொட்டு கூடினால் அல்லது நிறம் தெரிந்தால், குழாயோ டிராப்பின் இணைப்போ ஒழுகுகிறது. டைல்ஸ் முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, தரை. டிராப்பின் வாயைப் பாலிதீனில் சுற்றிய துணியால் இறுக்கி அடைத்து, வாசலில் சிமென்ட்டாலோ களிமண்ணாலோ சிறு வரப்பு கட்டி, 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். இதற்கு வேறு நிறம். சொட்டு நீலம் கலக்கலாம். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். டைல்ஸ் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கினால் மட்டமும் இறங்கும், கீழே சொட்டும் கூடும். மட்டம் மட்டும் இறங்கி சொட்டு கூடாவிட்டால், துணி அடைப்பில் தண்ணீர் போயிருக்கலாம், மறுபடியும் செய்யுங்கள்.

மூன்றாவது, சுவர். தரை வறண்டபின், டிராப்பைத் திறந்துவைத்து, ஷவர் படும் சுவரில் மட்டும் பதினைந்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். குழாய் சுவரிலிருந்து வெளிவரும் வளையத்தின் பின்புறத்தையும் சுவரும் தரையும் சேரும் மூலையையும் குறிப்பாகப் பாருங்கள். கடைசியாகச் சோதிக்க வேண்டியது கழிப்பறைப் பீங்கானின் இணைப்பு. அங்கே கசிந்தால் கீழே துர்நாற்றமே காட்டிக்கொடுக்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். நிறம் கீழே வந்தால் சந்தேகமே இல்லை. வராவிட்டால், கசிவு இல்லை என்று அர்த்தமாகாது. செங்கல் துண்டும் சிமென்ட்டும் நிறத்தை உறிஞ்சிவிடும். சொட்டின் அளவு கூடுகிறதா என்பதுதான் உறுதியான சாட்சி.

மொட்டைமாடி

வேலூர் வெயிலைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வெயில் தளத்தை எப்படி நகர்த்துகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 10 மீட்டர் நீளமான காங்கிரீட் தளம், வெப்பம் 30 டிகிரி மாறினால் சுமார் 3 மி.மீ. நீண்டு சுருங்கும். ஒவ்வொரு நாளும் இது நடக்கிறது. மே மாதப் பிற்பகலில் கொதிக்கிற தளத்தில் திடீரென்று கோடை மழை கொட்டும்போது சில நிமிடங்களிலேயே நடக்கிறது. தளமும் கைப்பிடிச் சுவரும் சேர்கிற மூலைதான் இந்த இழுபறியில் முதலில் விடும். விரிசல்கள் வெயிலில் மூடிக்கொள்ளும், குளிர்ச்சியில் திறக்கும். ஆகவே நண்பகலில் மாடிக்குப் போய் "விரிசலே இல்லை" என்று இறங்கிவராதீர்கள், விடியற்காலையில் போங்கள்.

மாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வாட்டம் சரியில்லாத இடம் தானாகத் தெரியும். மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேடையின் அடியில், சோலார் ஹீட்டருக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் போட்ட போல்ட்டுகளைச் சுற்றி எல்லாம் தேடுங்கள். அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால், அதன் வேர் போன வழியில் தண்ணீரும் போகும். தட்டோட்டைக் குச்சியால் தட்டிக்கொண்டே நடங்கள். உள்ளே பிரிந்துபோன இடத்தில் சத்தம் பொக்கையாகக் கேட்கும்.

காங்கிரீட் தளம் என்றால், மழைநீர்க் குழாயை அடைத்து 2.5 செ.மீ. தண்ணீர் தேக்கி இரண்டு நாள் பார்க்கலாம். சதுர மீட்டருக்கு 25 கிலோ பாரம் கூடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். மாடியை மணல் வரப்பால் பகுதி பகுதியாகப் பிரித்து, தாழ்வான பகுதியில் தொடங்கிச் செய்தால் எந்தப் பகுதி ஒழுகுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகளில் இதைச் செய்யவே கூடாது. கொசப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் வாலாஜாப்பேட்டையிலும் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் நிற்கின்றன: தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துக் குத்தி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தவை. ஈரத்தை வாங்கி, வெயிலில் வெளியே விடுகிற கூரை அது. இதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, சட்டங்களின் முனை சுவருக்குள் உளுத்துப்போகும். அங்கே சோதனை என்பது கையால்தான்: மழை மறுநாள் ஏணி போட்டு, சட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்குரூடிரைவர் நுனியை அழுத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் அந்த இடத்துக்கு நேர் மேலே கைப்பிடிச் சுவரின் ஓரத்தைத் தேடுங்கள். இந்த வீடுகளைக் கட்டிய கைகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சரிசெய்யும்போது சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடித்து அழைத்துவருவது நம் கடமை என்று நினைக்கிறேன்.

வெளிச்சுவர்

காற்றோடு சாய்ந்தடிக்கும் மழையில் மட்டும் ஒரே ஒரு சுவர் நனைந்தால், வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் சோதியுங்கள். எப்போதும் கீழிருந்து மேலாக. ஜன்னல் அடிப்படி, பிறகு ஜன்னல் ஓரங்கள், பிறகு சன்ஷேடு சுவரோடு சேரும் கோடு, பிறகு உத்திரமும் செங்கல்லும் சேரும் இடம். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று சொல்ல முடியாது.

தரையோரம்

சுவரின் அடியிலிருந்து ஈரம் ஏறி, ஒரு மீட்டர் உயரத்துக்குள் கோடு போட்டதுபோல் நின்று, அங்கே உப்புப் பூத்திருந்தால் அது நிலத்தடி ஓதம். வீட்டைச் சுற்றி எல்லாச் சுவர்களிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். ஒரே ஒரு சுவரில், ஒரே ஒரு பகுதியில் மட்டும் இருந்தால், மண்ணுக்குள் போகும் குழாயையோ சம்பையோ (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) சந்தேகப்படுங்கள். சம்பை நிரப்பி, மோட்டாரை ஓட்டாமல், உள்ளே வரும் வழியையும் அடைத்து, ஒரு நாள் மட்டத்தைப் பாருங்கள். இறங்கினால் வெளியே கசிகிறது. மழைக்காலத்தில் மட்டம் தானாக ஏறினால் நிலத்தடி நீர் உள்ளே வருகிறது. பாலாறு கரைபுரண்ட 2021-க்குப் பிறகு, ஆற்றை ஒட்டிய தெருக்களில் இதை நான் பார்த்தேன். அப்படிப்பட்ட சம்பின் நீரைச் சோதிக்காமல் குடிக்கக் கூடாது. வெளியிலிருந்து தண்ணீர் வருகிற வழியில் சாக்கடையும் வரும்.

காவிரிக் கூட்டுக் குடிநீரும் போர்வெல் தண்ணீரும் இரண்டும் வருகிற வீடு என்றால், தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் கொஞ்சம் உதவும். தேங்கிய நீரின் டி.டி.எஸ். அளவு போர்வெல் நீரைவிட மிகக் குறைவாக இருந்தால் அது குடிநீர்க் குழாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கூடுதலாக இருந்தால் எதையும் முடிவுகட்டாதீர்கள். சுவரிலும் மண்ணிலும் உள்ள உப்பு கரைந்து சேர்ந்திருக்கும். கூரையில் தொங்குகிற வெள்ளை விழுதுகளும் அப்படித்தான்: தண்ணீர் காங்கிரீட்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து வந்து காற்றில் உறைகிறது. நெடுநாள் கசிவு என்பதற்கு அது அடையாளம். எங்கிருந்து என்பதற்கு அல்ல.

கசிவே இல்லாத ஈரம்

மார்கழியில், காற்றோட்டம் இல்லாத அறையில், அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை படிந்தால் அது வெறும் மூச்சுக்காற்றின் ஈரமாக இருக்கலாம். ஒரு சதுர அடி பாலிதீனை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பாலிதீனுக்கும் சுவருக்கும் நடுவே நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் துளி இருந்தால் ஜன்னலைத் திறந்துவைப்பதே மருந்து.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு முள் உள்ள ஈரமானி, உப்புப் பூத்த சுவரில் எப்போதும் கூடுதலாகக் காட்டும், காய்ந்த சுவரோடு ஒப்பிட்டு மட்டுமே பயன்படுத்துங்கள். வெப்பப் படக் கருவி தண்ணீரைக் காட்டுவதில்லை. குளிர்ந்த இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவே. வாடகைக்கு எடுத்தால் மேலே சொன்ன சோதனைகளுக்குப் பிறகு எடுங்கள்.

உடைப்பது, ஒட்டுவது

இப்போது உடைக்கலாம். ஒரு டைல்ஸ் மட்டும். ஈரமான குழாய் மூட்டு கண்ணில் படும்வரை, ஈரம் அதிகமாகிற திசையிலேயே கை அகலத்துக்கு நகருங்கள். கசிவைக் கண்ணால் பார்த்தபின், ஒரு தாளால் அந்த மூட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் நனைகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பக்கத்து மூட்டிலிருந்து வழிந்து வந்திருக்கலாம். சரிசெய்தபின் மூடாமல் இரண்டு நாள் திறந்தே விட்டு, எந்தச் சோதனையில் கசிவு காட்டியதோ அதே சோதனையை மறுபடியும் நடத்துங்கள்.

பிறகு பெயின்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். ஒன்பது அங்குலச் சுவர் காய வெயிலிலேயே வாரங்கள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை என்றால் மாதங்கள். முதல் நாள் போட்ட பென்சில் கோட்டுக்குள் ஈரத் திட்டு சுருங்கிக்கொண்டே வருகிறதா என்று வாரம் ஒரு முறை புதுக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள்.

மூடுவதற்கு முன், டேப்பை அருகில் வைத்துக் குழாய் ஓடும் பாதையைப் படம் எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அங்குலம், மூலையிலிருந்து எத்தனை அங்குலம் என்று நோட்டில் வரைந்த வரைபடத்தில் சேருங்கள். சத்துவாச்சாரி வீட்டில் அந்தத் தாளை லேமினேட் செய்து, மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தேன். அடுத்து அங்கே ஆணி அடிக்கப் போகிறவர், துளைபோடும் கருவிக்கு மின்சாரம் எடுக்க வரும்போது அது அவர் கண்ணில் படும்.